அரக்கில் பதிந்த நாதம்

நாதமே இறைவனின் திருவுருவம் என்பர் ஆன்றோர். திருக்கோயிலிலே கல் உண்டு, செம்பு உண்டு, சுதை உண்டு. இவை கண்ணாற் கண்டு போற்றத்தக்கவை. காலத்தாற் பழுதுறுமாயின், அன்பர்களின் பொருளாலும் ஸ்தபதியரின் உளியாலும் மீண்டும் புதுக்கத்தக்கவை. ஆயின், அதே திருக்கோயிலில் நாள்தோறும் எழுகின்ற மற்றொரு செல்வமும் இருக்கின்றது. விடியற்காலையில் ஒலிக்கும் நாகஸ்வரமும், சாயரட்சையில் ஓதுவார் இசைக்கும் பண்ணும், எழுந்த கணத்திலேயே காற்றோடு கலந்து மறைந்துவிடுகின்றன. கோபுரம் பழுதுற்றால் ஜீர்ணோத்தாரணம் செய்கின்றோம். மறைந்த நாதத்திற்கு ஜீர்ணோத்தாரணம் செய்வது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு உலகம் ஒருவாறு விடை கண்டு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. அவ்விடையின் வரலாற்றையும், பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டிக் காப்போரின் தொண்டையும், அத்தொண்டில் நமக்குள்ள பங்கையும் ஈண்டுச் சிறிது சிந்திப்போமாக.

நம் நாட்டில் இக்கவலை புதிதன்று. தில்லையில் அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தபோது, மூவர் அருளிய பதிக ஏடுகள் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தன என்றும், எஞ்சியவற்றையே சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எடுத்துக் காத்தனர் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். அவ்வரலாற்றில் அதன்பின் வரும் செய்தி இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஏடு எழுத்தைக் காத்தது, பண்ணைக் காக்கவில்லை. பாடல் கையிலிருந்தும் அதனைப் பாடும் முறை அறியாது அனைவரும் திகைத்தனர். அந்நிலையில், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபிலே எருக்கத்தம்புலியூரில் தோன்றிய ஒரு பெண்மணியைக் கொண்டே பண்முறை வகுக்கப்பெற்றது. அப்பெண்மணியின் மிடற்றிலே பண் தங்கியிராவிடில், அது என்றென்றைக்கும் மறைந்தே போயிருக்கும். எழுத்துக்கு ஏடு உண்டு, நாதத்திற்கு மனிதர் மிடறு ஒன்றே ஏடு என்பதே பல நூற்றாண்டுகள் நம் நாட்டின் நிலை.

அந்நிலையை மாற்றியது இரு அறிஞர்களின் முயற்சி. அமெரிக்க நாட்டில் தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ஆம் ஆண்டில், உருளையொன்றின்மேற் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் மனிதக் குரலைப் பதித்து, அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1887-இல், எமில் பெர்லினர் என்பவர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத் தகட்டில் ஒலியைப் பதிக்கும் வகையைக் கண்டார். கிராமபோன் என்று நம்மவர் வழங்கியது இதனையே. உருளையைவிடத் தட்டுக்கு ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. ஒருமுறை பாடியதைக் கொண்டு ஓர் உலோக அச்சு செய்துகொண்டால், அதிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை எடுத்துவிடலாம்.

தொடக்க காலத்தில் ஒலிப்பதிவுக்கு மின்சாரத்தின் துணை இல்லை. பாடுவோர் பெரிய கொம்பு போன்ற குழலொன்றின் வாயருகே நின்று உரக்கப் பாடுவர். குழலின் மறுமுனையிலுள்ள மெல்லிய சவ்வு அக்குரலால் அதிரும். சவ்வோடு பொருத்திய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அவ்வதிர்வைச் சுருள்கோடாகக் கீறிச் செல்லும். அம்மெழுகுத் தட்டின்மேல் உலோகம் பூசி அச்செடுத்து, அவ்வச்சைச் சூடேறிய அரக்குக் கலவையின்மீது அழுத்தினால் இசைத்தட்டு பிறக்கும்.

அந்த அரக்கு எங்கிருந்து சென்றது? நம் பாரத நாட்டுக் காடுகளிலிருந்துதான். பலாசம், இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சியினங்கள் கூடிச் சுரக்கும் பிசினே அரக்கு. சோட்டா நாகபுரிப் பகுதியின் வனங்களில் அது மிகுதியாக விளைகின்றது. அதனை உருக்கித் தூய்மை செய்து, கற்பொடியும் கரியும் கலந்து தட்டாக வார்த்தனர். இந்நாட்டுப் பூச்சிகள் சுரந்த பிசினிலே இந்நாட்டின் நாதமே பதிந்தது வியத்தற்குரியது.

இந்தியாவில் பெரிய அளவிலான முதல் இசைத்தட்டுப் பதிவு 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கல்கத்தாவில் நிகழ்ந்தது. லண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியார் அனுப்பிய பிரெட் கெய்ஸ்பர்க் அங்கே வந்து பலரைப் பாடச் செய்தார். அவர்களுள் தலைசிறந்தவர் கௌஹர் ஜான் அம்மையார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. பதிந்த மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று, அங்கேதான் தட்டுகளாக அச்சிடப்பெற்றன. மொழியறியாத அங்குள்ளோர், பாடியவர் இன்னார் என்று அறிந்து பெயர்த்தாளை ஒட்டுதற்கு அவ்வறிவிப்பு உதவிற்று. 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்த பின்னரே, நம் நாட்டு இசை நம் நாட்டிலேயே தட்டாகத் தொடங்கியது.

அடுத்த சில ஆண்டுகளுக்குள் சென்னைப் பட்டினத்திலும் பதிவுகள் நிகழ்ந்தன. ஆண் வித்துவான்கள் பலர் இப்புதிய பொறியின் முன்னே பாடத் தயங்கிய அக்காலத்தில், துணிந்து முன்வந்தோரிற் பலர் இசை மரபிலே தோன்றிய பெண்மணிகளே. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோரின் குரல்கள் இவ்வாறே நமக்கு எய்தின. அன்று எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணி செய்த தொண்டை மீண்டும் ஒருமுறை பெண்மக்களே செய்தனர் எனல் மிகையாகாது. இவர்களுள் நாகரத்தினம்மாள், திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகளின் சமாதி பாழ்பட்டுக் கிடந்தமை கேட்டு உள்ளம் நைந்து, தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எடுப்பித்தவர். கல்லாலும் குரலாலும் அவர் விட்டுச்சென்ற இரு செல்வங்களுள், கல்லாலாயதை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கண்டு தொழுகின்றனர். குரலாலாயதைக் கேட்டவர் மிகச் சிலரே.

கோயம்புத்தூர் தாயியின் வரலாறு இன்னும் வியப்பிற்குரியது. பழனிகுஞ்சரம் என்னும் இயற்பெயருடைய இவ்வம்மையார் 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர். இராமலிங்க சுவாமிகளின் அருட்பாவை ராகமாலிகையாக இவர் பாடிய இசைத்தட்டு ஒன்று கடல் கடந்து பிரான்சு நாட்டுச் சங்கீதக்காரர் மோரிஸ் தெலாழ் என்பவரின் செவியை எட்டியது. 1912-இல் இந்தியாவிற்கும் வந்து சென்ற அவர், அப்பாட்டின் போக்கைப் பின்பற்றி ‘ராகமாலிகா’ என்னும் பெயராலேயே ஒரு படைப்பை இயற்றினார். நம் மத்தளத்தின் மங்கிய ஓசையைப் பியானோவில் வருவிக்கக் கருதி, அதன் தந்திகளுக்கிடையே தடித்த காகிதத் துண்டைச் செருகுமாறு அதிலே குறித்துள்ளார். வடலூர் வள்ளலாரின் அருள்மொழி, ஒரு பெண்மணியின் மிடற்றில் ஏறி, அரக்குத் தட்டில் அமர்ந்து, பாரிஸ் மாநகரத்துச் சங்கீத மண்டபம் வரை சென்ற செய்தி இது. தாயி அம்மையார் நேரிற் செல்லாத தேசத்திற்கு அவரது நாதம் சென்றது.

1925-ஆம் ஆண்டளவில் மைக்கின் உதவியால் மின்சார முறையில் ஒலி பதிக்கும் வழக்கம் வந்தது. மென்மையான ஓசைகளும் அதன்பின் தட்டில் இடம்பெறலாயின. இதனால் விளைந்த பெரும்பேறு வீணை தனம்மாளின் தட்டுகளாகும். விரல் நகத்தாலேயே தந்தியை மீட்டும் அவ்வம்மையாரின் வாசிப்பு, அருகிருந்து அமைதியாகக் கேட்போர்க்கே புலப்படும் நுண்மை வாய்ந்தது. சென்னையில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்ந்த வாசிப்பைக் கேட்க வித்துவான்களே சென்று அமர்வர். 1867-இல் பிறந்த அவர் 1938-இல் மறைந்தார். 1932-ஆம் ஆண்டில் கொலம்பியா கம்பெனியார் அவரது வீணையைச் சில தட்டுகளிற் பதித்திராவிடில், அந்நாதத்தைப் பற்றிய புகழுரைகள் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும். நாடக மேடையில் தமிழ்நாட்டையே தம் குரலால் ஈர்த்த எஸ். ஜி. கிட்டப்பாவும் அவ்வாறே. 1933-இல், தமது 27-ஆம் வயதிலேயே அவர் காலமானார். பேசும்படங்களில் அவர் இடம்பெறவில்லை. இசைத்தட்டு ஒன்றே இன்று அவர் குரலுக்குச் சான்று.

1930-களில் சென்னையில் இசைத்தட்டுத் தொழில் செழித்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரும் அவர்தம் பங்காளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையுடைய தட்டுகளை ஊரெங்கும் பரப்பியது. கடைத்தெருவிலும் திருவிழாப் பந்தலிலும் கிராமபோன் பெட்டிகள் முழங்கின. கச்சேரி மண்டபத்துள் நுழைய இயலாத ஏழை எளியோரும் பெரிய வித்துவான்களின் இசையைச் செவியாரக் கேட்டனர்.

ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட நேரத்து இசையே அடங்கும். 12 அங்குலத் தட்டிலோ நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல். சுவாமி புறப்பாட்டில் மாடவீதி நான்கினையும் சுற்றி வரும்வரை ஒரே ராகத்தை விரித்துக்கொண்டே செல்லும் நாகஸ்வர வித்துவானுக்கு மூன்று நிமிடம் எம்மட்டு? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்கப் பொழுது விடியுமட்டும் மக்கள் வீதியில் நின்றனர் என்பர். அத்தகைய தோடியும் தட்டுக்குள் சுருங்கி நிற்க வேண்டியதாயிற்று.

இதனைக் காட்டி, “தட்டில் இருப்பது உண்மையான சங்கீதம் ஆகுமா?” என்று ஐயுறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இவ்வையத்திற்கு விடை நம் பெரியபுராணத்திலேயே இருக்கின்றது. திருத்தருமபுரத்திலே திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய பதிகம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்கவில்லை. மனம் வெதும்பிய யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, யாழைத் தம் கையிலே வாங்கிக்கொண்டு, இறைவன் புகழ் முழுவதும் ஒரு கருவியில் அடங்குமோ என்று தேற்றி, அடங்கிய அளவிலே வாசிக்குமாறு பணித்தருளினார். கருவி சிறிதென்று உடைப்பது முறையன்று. அதில் அடங்கியதைப் போற்றுவதே முறை என்பதே அவ்வருட்செயல் நமக்கு உணர்த்துவது. திருப்பணிக் காலத்தில் பாலாலயத்திலே எழுந்தருளியிருக்கும் இறைவனை, இடம் சிறிதென்று எந்த அன்பரும் வணங்காது செல்வதில்லை. மூன்று நிமிடத் தட்டும் அத்தகையதே.

அமெரிக்காவில் 1948-இல் தோன்றிய நீள்தட்டு இக்குறையைப் பெரிதும் போக்கியது. வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆன அத்தட்டு நிமிடத்திற்கு முப்பத்துமூன்றே கால் முறைக்குச் சற்று மேலாக, மெல்லச் சுழலும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் இசை அடங்கும். எளிதில் உடையாது; கரகர ஒலியும் குறைவு. நம் நாட்டிலோ அரக்குத் தட்டுகள் 1960-களின் பிற்பகுதி வரையிலும் வெளிவந்தன. எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார் ஓதிய ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் நீள்தட்டாக வெளிவந்து, திருமலையிற் கேட்கும் திருப்பள்ளியெழுச்சியை வீடுதோறும் விடியலிற் கேட்கச் செய்தது. பொறியினால் பக்திக்கு விளைந்த நன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, அத்தட்டுகளின் பிற்கால நிலையைக் காண்போம். அரக்குத் தட்டு கைதவறி விழின் கண்ணாடிபோல் உடையும். எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும். இரண்டாம் உலகப்போரின்போது அரக்கு அருகியமையால், 1942-இல் அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதிய தட்டுகளுக்குப் பயன்படுத்தினர். எத்துணையோ பாட்டுகள் அவ்வாறு மாவாயின. நம் ஊர்களில் போரின்றியே அழிவு நேர்ந்தது. ஒலிநாடாவும் பின்னர்க் குறுந்தட்டும் வந்தபின், பாட்டனார் வாங்கிய தட்டுகள் பரணேறின. பரணிலிருந்து பழைய சாமான் கடைக்குச் சென்றன. தில்லையில் செல் செய்ததை இங்கே நம் கவனமின்மை செய்தது.

இவ்வழிவைத் தடுத்து நின்றவர்கள் இசைத்தட்டுத் திரட்டுவோரே. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் அவர்கள் பல்லாயிரக்கணக்கான தட்டுகளைத் தம் வாழ்நாட் பணியாகத் தேடிச் சேர்த்தவர். 1990-இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுத் திரட்டுவோர் சங்கம் ஒன்று அமைந்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு ‘யங் இந்தியா’, ‘ஓடியன்’ ஆகிய முத்திரைகளையுடைய பழைய தட்டுகள் பல தேடிப் பெறப்பட்டு மின்வடிவில் பதியப்பெற்றன. மைக்கேல் கின்னியர் என்னும் ஆராய்ச்சியாளர் முற்காலப் பதிவுகளை எண் வரிசைப்படி தொகுத்து நூல்களாக வெளியிட்டார்.

இத்தொண்டில் ஈடுபடுவோர் தட்டைக் கல்வெட்டாகவே கருதுவர். கோயிற் சுவரில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் இருப்பதுபோல, தட்டின் நடுவிலே ஒட்டிய வட்டத்தாளில் பாடியவர் பெயர், ராகம், தாளம், வரிசை எண் ஆகியன காணப்படும். அத்தாளின் ஓரத்தே, அரக்கிலேயே பொறித்த மற்றோர் எண்ணும் உண்டு. அது பதிவின் எண். பெயர்த்தாள் கிழிந்துபோயினும் அவ்வெண்ணைக் கொண்டு பாடியவரையும், பதிந்த காலத்தையும் ஆராய்ந்து அறியலாம். பழங்காலத் தட்டுகள் பலவற்றிற்கு 78 என்னும் சுழற்சி வேகம் நிலைபெற்றிருக்கவில்லை. அவற்றை அவ்வேகத்திலேயே சுழற்றினால் பாடியவரின் சுருதியே மாறிவிடும். எனவே, தட்டின் வேகத்தை அறிந்து ஒழுங்கு செய்வதற்குச் சங்கீத ஞானமும் வேண்டும்.

இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர்களிற் பலர் பழங்குடும்பத்தினர். பாட்டனார் காலந்தொட்டுக் கோயிலுக்குக் கைங்கரியம் செய்து வருபவர். அவர்கள் இல்லங்களில் இன்றும் மூலையில் ஒரு மரப்பெட்டி இருத்தல் கூடும். அதிலுள்ள தட்டுகளை எறியாதிருப்பதே முதற் கடமை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, நூல்களைப்போல் நிமிர்த்தி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் தனித்தனி உறையிலிட்டு வைக்க வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தலாகாது. அரக்கு அதில் கரைந்துவிடும். நீரிற் பிழிந்த மெல்லிய துணியால், நடுவிலுள்ள தாள் நனையாதபடி துடைத்தால் போதும். நீள்தட்டுக்குரிய நுண்ணிய ஊசி அரக்குத் தட்டுக்கு ஆகாது. பின்னதன் பள்ளம் ஏறத்தாழ மும்மடங்கு அகலமுடையது. அதற்கென்றே அமைந்த ஊசி வேண்டும். பழைய எஃகு ஊசியால் பலமுறை ஒலிக்கச் செய்து தேய்ப்பதைவிட, பயிற்சியுடையாரைக் கொண்டு ஒருமுறை நன்கு ஒலிக்கச் செய்து மின்வடிவிற் பதிந்துகொள்ளல் நலம். உடைந்த தட்டாயினும் துண்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். நடுத்தாளிலுள்ள செய்தியும் ஒரு சாசனமே.

அதனினும் எளிய செயல் ஒன்று உண்டு. பெட்டியிலுள்ள தட்டுகளின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைப்பது. நாகஸ்வர வித்துவான்கள், ஓதுவாமூர்த்திகள், அருட்பாவும் திருப்புகழும் பாடியவர்கள் ஆகியோரின் தட்டுகள் இருப்பின், அவற்றைத் தனியே குறித்தல் வேண்டும். ஓர் இசைத்தட்டின் ஆயிரம் படிகளுள் எஞ்சியது எந்த வீட்டில் உள்ளது என்று எவரால் கூற இயலும்? அந்த ஒன்று நம் இல்லத்தில் இருப்பதாகவும் இருக்கலாம்.

ஏடு தேடியலைந்த பெரியோரால் தமிழ் பிழைத்தது. தட்டு தேடியலையும் அன்பரால் நாதம் பிழைக்கின்றது. விமானத்தைப் புதுக்கிக் கலசம் வைத்து நீராட்டும் இந்நன்னாளில், அவ்விமானத்தின் நிழலில் நின்று பாடியோரும் வாசித்தோரும் விட்டுச்சென்ற நாதத்தையும் காப்போமாயின், திருப்பணி முழுமை பெறும். அடங்கிய அளவிலே அது மூன்று நிமிடமே ஆயினும், நம் பிள்ளைகளின் செவிக்கு அது சென்று சேர்வதாக. நாதவடிவினனாகிய இறைவன் அதற்குத் திருவருள் புரிவானாக.